மாவு படாத காகிதம்

என் மூக்குக்காரிக்கு,

பயப்படாமல் முகத்தருகே வைத்துப் படி. இதைப் பேக்கரியில் எழுதவில்லை. வரும் வழியில் தாளும் பேனாவும் வாங்கி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, சர்க்கரை டாக்டரின் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் கால் புண் ஆறி வருகிறது. அக்கா வீட்டுக்குப் போனதிலிருந்து நீ இருமல் இல்லாமல் தூங்குவதாக அவள் போனில் சொன்னாள். சந்தோஷம்தான். அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

டாக்டரிடம் உன் மூச்சிரைப்பைப் பற்றியும் கேட்டேன். "உங்க சர்க்கரையிலயும் சரி, அவங்க ஆஸ்துமாவிலயும் சரி, அழற்சிக்குப் பங்கு இருக்கு. உடம்பைக் காக்க வேண்டிய படையே உள்ளுக்குள்ள ஓயாம சண்டை போடுது. அவங்களுக்கு அதைக் கிளப்பி விடுறது மாவுத் தூசி" என்றார்.

"வெளிய நாங்க ஒருநாளும் சண்டை போட்டதில்லையே டாக்டர்" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்றோடு மாவு பிசைவதை விட்டுவிட்டேன். திங்கட்கிழமை முதல் கூரியர் வண்டி ஓட்டப் போகிறேன். திட்டாதே.

"உங்க மேல வர்ற ரொட்டி வாசனைக்காகத்தான் கல்யாணத்துக்கே சரின்னு சொன்னேன்" என்பாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்த வாசனை போன பிறகு என்னிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று எனக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புதுச் சட்டையில் வருகிறேன். ஓடிவந்து கட்டிக்கொள்ளாதே. நான் வாசலிலேயே நிற்கிறேன். முதலில் நன்றாக ஒரு மூச்சு இழுத்துப் பார். அதன் பிறகும் நான் வேண்டுமென்றால் உள்ளே கூப்பிடு.

உன்
பழைய ரொட்டிக்காரன்