தண்ணீர் ஆடாத வேகம்

அன்பு மகனுக்கு அப்பாவும் அம்மாவும் சொல்ல, உன் தங்கை எழுதுவது.

பாட்டிலில் இருந்த தண்ணீர் ஆடாமல் நின்றது, அதைத்தான் நான் முதலில் பார்த்தேன், இந்தக் கடிதமே அதைப் பற்றியதுதான். ஆனால் நலம் விசாரிக்காமல் ஆரம்பித்தால் அது கடிதமா, கரண்ட் பில்லா என்று அப்பா கேட்கிறார். ஆகவே, இங்கே மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நடுநடுவே சண்டை போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். நீ அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாயா என்று அம்மா கேட்கிறாள், அதற்கு மறக்காமல் பதில் போடு. அப்பாவின் கையெழுத்து உனக்குத் தெரியும், மறுநாள் அவருக்கே புரியாது, அதனால் பேனா எப்போதும்போல் என்னிடம். போன தடவை அவர் சொன்னதை அப்படியே எழுதப்போய், எனக்கு மூட்டு வலி, எனக்கு முன்மண்டையில் முடி இல்லை என்றெல்லாம் வந்து, எனக்கு என்னவோ ஆகிவிட்டதென்று நீ பதறிப்போய் ஃபோன் செய்தாய். இந்தக் கடிதத்தில் நான் என்று வருகிற இடமெல்லாம் நான்தான். அப்பா சொல்வதை அப்பா சொன்னதாகவே எழுதுகிறேன்.

அண்ணா, நீ இங்கே விட்டுப்போன காரை விற்பதற்காக நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாள்கள் வந்து சேர்ந்தன. அவற்றை இந்த உறையிலேயே திருப்பி அனுப்புகிறோம். கோபப்படாமல் கடைசிவரை படி. நெடுஞ்சாலையில் நூறில் போனால் அந்த வண்டியின் இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்.பி.எம். முள் நாலாயிரத்தில் நின்று கத்துகிறது, நீ அங்கே ஓட்டுகிற பெரிய வண்டி அதே வேகத்தில் இரண்டாயிரத்தைத் தாண்டுவதில்லை, இப்படிக் கத்துகிற இன்ஜின் ரொம்ப நாள் தாங்காது, அது வெடிப்பதற்குள் தரகரிடம் தள்ளிவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். அப்பாவும் அதையேதான் நினைத்தார். இத்தனை வருடமாகக் கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் டீசல் வேன் ஓட்டுகிறவர், இன்ஜின் சத்தம் உயர்ந்தாலே தன் நெஞ்சை யாரோ பிசைகிற மாதிரி முகம் சுளிப்பார். சீக்கிரம் கியரை ஏற்று, மெதுவாக மிதி, வண்டி முனகலாம், கத்தக் கூடாது என்பதுதான் அவர் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது சொன்ன ஒரே பாடம்.

எனக்கு வேலை கிடைத்த விஷயத்தை ஃபோனில் அரைகுறையாகத்தான் சொன்னோம். நம் வீட்டைச் சுற்றியுள்ள சின்ன கிளினிக்குகளில் பரிசோதனைக்கு எடுத்த ரத்தத்தைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து ஒரு ஐஸ் பெட்டியில் வைத்துத் தருவார்கள், அதை நெடுஞ்சாலையின் அந்தக் கோடியில் இருக்கும் பெரிய லேபில் மதியத்துக்கு முன்னால் சேர்க்க வேண்டும். பெட்டியை வாங்குவது, கையெழுத்துப் போடுவது, கொண்டுபோய்க் கொடுப்பது, அவ்வளவுதான், பேச்சே கிடையாது. வகுப்பில் பதில் தெரிந்தாலும் எழுந்து நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஒன்பதாவதோடு வீட்டில் உட்கார்ந்தவள் நான், எனக்கென்றே யாரோ யோசித்து உண்டாக்கிய வேலை மாதிரி இருந்தது. சொந்தமாக ஒரு வண்டி இருக்க வேண்டும், அது ஒன்றுதான் அவர்கள் கேட்டது. உன் கார் போனால் வேலையும் போகும். அதை உனக்கு எழுத வேண்டாம், அவன் சங்கடப்படுவான் என்று அம்மா சொல்லிவிட்டாள். தரகர் வந்து எடுத்துப்போகும்வரை ஓட்டு, ஆனால் முள் இரண்டாயிரத்தைத் தாண்டக் கூடாது என்று அப்பா கண்டிஷன் போட்டார்.

நானும் தாண்டவில்லை. டாப் கியரில், ஐம்பதில், இடது ஓரமாக ஊர்ந்தேன். பின்னால் வருகிற லாரிகள் எல்லாம் எனக்கு மட்டும் தனியாக ஹாரன் வாங்கி மாட்டியிருந்த மாதிரி அடித்துக்கொண்டே போயின. அந்த நீளமான மேம்பாலம் உனக்கு நினைவிருக்கும். அதில் ஏறும்போது வண்டி காய்ச்சல் வந்தவன் மாதிரி உதறும். பெட்டிக்குள் குழாய்கள் கிலுகிலுவென்று அடித்துக்கொள்ளும், கியருக்குப் பக்கத்துக் குழியில் வைத்திருக்கும் பாட்டில் தண்ணீரில் வளையம் வளையமாக அலை எழும். இன்ஜின் கத்தவில்லையே, அப்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். லேபுக்குப் போனால் நேரம் கடந்திருக்கும். லேப் மேடம் திட்டுகிறவர் இல்லை, கடிகாரத்தை ஒரு தடவை பார்ப்பார், என்னை ஒரு தடவை பார்ப்பார். அதற்குத் திட்டே வாங்கிவிடலாம். கடைசியில் ஒரு நாள், இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்மா, ரத்தம் காத்திருக்காது என்று மெதுவாகச் சொன்னார்.

மறுநாள் அதே மேம்பாலத்தில் ஒரு டேங்கர் லாரி என் முதுகிலேயே ஏறிவிடுகிற மாதிரி வந்தது. ஒதுங்க இடமில்லை. பயத்தில் மூன்றாவது கியருக்கு இறக்கி அழுத்திவிட்டேன். முள் நாலாயிரத்தைத் தாண்டிப் போனது, வண்டி நீ சொன்ன மாதிரியே கத்தியது. இப்போது வெடிக்கும், இப்போது வெடிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் லாரி சின்னதாகிக்கொண்டே போனது. அப்போதுதான் பாட்டிலைப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் நின்றது. குழாய்ச் சத்தமும் இல்லை. சத்தம் மட்டும்தான் பெரிதாக இருந்ததே தவிர, வண்டி உதறவே இல்லை. இறங்கிச் சமதரைக்கு வந்து டாப் கியரில் தொண்ணூற்றைந்தில் போனேன், முள் நாலாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே, வெப்பம் காட்டும் முள் எப்போதும் நிற்கிற அதே நடுவில். அன்றைக்கு மேடம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அப்பாவிடம் இன்ஜினைப் பற்றிப் பேசுவது மேஸ்திரிக்குச் சுவர் கட்டச் சொல்லித்தருகிற மாதிரி. நாளைக்கு என்னோடு வாங்கப்பா என்று மட்டும் சொன்னேன். அவரும் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். மேம்பாலத்தில் முதலில் அவர் சொன்னபடியே ஏறினேன், தண்ணீர் ஆடியது. பெட்டியை லேபில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அதே பாலத்தில் என்னிஷ்டப்படி மூன்றாவதில் ஏறினேன். சத்தம் எழுந்ததும் அவர் கை தானாக மேலே உள்ள பிடியைப் பிடித்தது. நான் வாயைத் திறக்காமல் பாட்டிலைக் கையால் காட்டினேன். அதையே பார்த்தார். பிறகு டேஷ்போர்டில் உள்ளங்கையை வைத்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் தொட்டுப் பார்த்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "இத்தன நாளும் டீசல் காத வச்சுக்கிட்டு பெட்ரோல் வண்டியக் கேட்டிருக்கேன் பாப்பா" என்றார்.

ஆனாலும் அவருக்கு முழுசாக மனது ஒப்பவில்லை. தண்ணீருக்குத் தெரிந்தது இன்ஜினுக்குத் தெரியுமா என்று, நாம் கிரீஸ் அண்ணன் என்று கூப்பிடுவோமே அந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார், ரேடியேட்டர் தண்ணீர் பார்த்தார், பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார், பிறகு தானே நெடுஞ்சாலைவரை ஓட்டிப்போய் வந்தார். சிவப்புக் கோடு ஆறாயிரத்தில் ஆரம்பிக்கிறது, நாலாயிரம் இந்த வண்டிக்கு ஓட்டம்கூட இல்லை, வேக நடை என்றார். சின்ன இன்ஜின், அதற்குத் தகுந்த கியர், சுற்றினால்தான் அதற்குப் பலம். சிவப்புக்குப் பக்கத்திலேயே பிடித்து வைத்திருந்தாலோ, ஆயில் குறைந்திருக்கும்போது விரட்டினாலோ, காலையில் எடுத்த எடுப்பில் சூடாகாமலே அழுத்தினாலோதான் கெடுதல். பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும், காது கொஞ்சம் வலிக்கும், வேறொன்றும் இல்லை. பலம் வராத இடத்தில் டாப் கியரில் போட்டு அமுக்குவதுதான் அதற்கு நிஜமான சித்திரவதை என்றும் சொன்னார். அப்பா எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். உன் பெரிய வண்டி இரண்டாயிரத்தில் போகிற வேகத்துக்கு இது ஏன் நாலாயிரம் சுற்ற வேண்டும் என்று அப்பா எனக்கு விளக்க ஆரம்பித்து, கியர்ப் பல்லை எண்ணி, சக்கரத்தை அளந்து, அவரே சிக்கிக்கொண்டு விழித்தார். அம்மா நிமிராமலே சொன்னாள், "உங்கப்பா ஒரு அடி வச்சா நான் ரெண்டு அடி வைக்கணும். கல்யாணமான நாள்லேர்ந்து அவரு பக்கத்துல ஓட்டமும் நடையுமாத்தான் வந்துக்கிட்டிருக்கேன். என் இன்ஜின் என்ன வெடிச்சா போச்சு?" அதற்குமேல் இந்த வீட்டில் விளக்கம் தேவைப்படவில்லை. அப்பா மட்டும், சத்தம் அதிகம்தான் என்று முணுமுணுத்தார். மடித்த துண்டு ஒன்று அவர் மேல் வந்து விழுந்தது.

இனி வருவது அப்பா கட்டாயப்படுத்திச் சொல்வது. இதை எழுத மாட்டேன் என்றேன், சம்பளம் வாங்காத கிளார்க் எதிர்த்துப் பேசக் கூடாது என்கிறார். உன் தங்கையை நீ வாயில்லாப்பூச்சி என்பாயே, இனிமேல் அப்படிக் கூப்பிடக் கூடாதாம். தான் சொன்ன தப்பைத் தன் முகத்துக்கு நேரே தப்பு என்று சொல்லத் தன் கூட வேலை செய்கிறவர்களுக்கே தைரியம் கிடையாது, இவள் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு பாட்டிலைக் காட்டிச் சொல்லிவிட்டாள் என்கிறார். வேன் ஸ்டாண்டில் எல்லோரிடமும் இதைச் சொல்லியிருக்கிறார், நேற்று நான் அந்தப் பக்கம் போனபோது இரண்டு டிரைவர்கள் தங்கள் தண்ணீர் பாட்டிலை உயர்த்திக் காட்டிச் சிரித்தார்கள், எனக்கு எங்கே ஒளிவதென்று தெரியவில்லை. லேப் மேடம் என்னை வேலையில் நிலையாக வைத்துக்கொண்டதையும் எழுதச் சொல்கிறார். உன் முதல் சம்பளத்தில் நீ வாங்கிய வண்டி என்பதை மறந்துவிடாதே என்றும் சொல்கிறார். "அவன் வாங்கினான், இவ ஓட்டுறா, நான் நடுவுல சும்மா உக்காந்து பெருமைப்பட்டுக்கிறேன், எனக்கு வேறென்ன வேலை" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

நீயும் உன் வண்டியை அது சத்தம் போடவில்லை என்று நம்பி விட்டுவிடாதே, ஆயிலை நேரத்துக்கு மாற்று, தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்து, பக்கத்தில் இருப்பவர்களோடு சண்டை வேண்டாம். அம்மா சொல்வது, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. நீ எந்த ஊரில் எந்தச் சாலையில் போனாலும் உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது, நினைத்தது கைகூட வேண்டும், நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் மனதார வாழ்த்துகிறார்கள். முக்கியமானது, காரின் இன்னொரு சாவி உன்னிடமேதான் இருக்கிறது, ஊருக்குப் போகும்போது பேன்ட் பாக்கெட்டிலேயே கொண்டுபோய்விட்டாய். அதை அடுத்த கடிதத்தோடு அனுப்பு.

இப்படிக்கு,
உன் அப்பா, அம்மா
(எழுதியது உன் தங்கை)

உறையை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்தது, வேலை முடிந்து வந்து அதையும் சேர்க்கிறேன். காலையில் இந்தக் கடிதத்தில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது வாசலில் தரகர் வந்து நின்றார், நீ சொல்லி வைத்திருந்தவர்தான். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நீயே போய்ச் சொல்லு என்றார். நான் வாசல்வரை போனேன். அப்பாவைக் கூப்பிடும்மா என்றார் தரகர். வண்டியை விற்கவில்லை என்றேன், எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை சொன்னேன். நெடுஞ்சாலையில் ஏறினால் நாலாயிரத்தில் கத்துகிற வண்டி, உன் அண்ணனே சொன்னார், வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய், யார் ஓட்டப் போகிறார்கள் என்று அவர் வரிசையாகக் கேட்டார்.

"நான்தான் ஓட்டுறேன்" என்றேன். "அது கத்தலைங்க. சின்ன வண்டி, அப்படித்தான் போகும்."

அவர் என் தலைக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. கிளினிக்குகளில் பெட்டி தயாராகும் நேரம் ஆகிவிட்டது. நான் பாட்டிலில் தண்ணீர் பிடித்து அதன் குழியில் வைத்துவிட்டு, கேட்டைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள் என்று அவரிடமே சொல்லி, வண்டியை எடுத்தேன்.