வரவில் சேராத புதனும் வியாழனும்

அன்பு மகள் டெனிஷாவுக்கு,

தலவிலக் கோயில் அன்னம்மாள் தாயாரின் காவலில் நானும் அம்மாவும் தங்கச்சியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று செபம் சொல்லிக்கொண்டுதான் எழுதத் தொடங்குகிறேன். போனில் கதைக்கிறோம்தானே, பிறகென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்றைத் தொடங்க அம்மா வேறொன்றைச் சொல்லி முடித்துவிடுகிறாள். பக்கத்து வீட்டுச் சுஜாந்தி லீவு முடிந்து திரும்பவும் இத்தாலிக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்துவிட்டால் நீ தனியாக இருந்து ஆறுதலாக வாசிப்பாய் என்று நினைத்தேன். எனக்குத்தான் ஆறுதல் இல்லை மகள், இவ்வளவு எழுதுவதற்குள் ரெண்டு தரம் எழும்பி கடற்கரைப் பக்கம் போய்விட்டு வந்தேன்.

தங்கச்சி ஷானிகாவின் பள்ளிக்கூடக் கதை உனக்கு அரைவாசிதான் தெரியும். உயர்தரத்தில் தொழில்நுட்பம் எடுத்த பிள்ளைகளில் அவளையும் இன்னும் ரெண்டு பேரையும் பழைய அதிபர்தான் மதுரங்குளிக்கு அங்கால் இருக்கிற நளீமின் இறால் பண்ணைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். புதனும் வியாழனும் அங்கே, மற்ற நாள் வகுப்பில். தண்ணீரில் உப்பு கூடினதா குறைந்ததா என்று பார்ப்பது, குஞ்சு இறாலுக்கு நோய் தொட்டிருக்கிறதா என்று பார்ப்பது, எல்லாம் பழக்கி முடிவில் ஒரு சான்றிதழும் கொடுப்பார்கள். அதுவும் பள்ளிக்கூடம்தான், வரவில் குறையாது என்று அவர் வாயால் சொன்னார். பிறகு அவருக்கு மாற்றம் வந்தது, புது அதிபர் வந்தார். அந்த ரெண்டு நாளும் வராத நாள் என்று பதியத் தொடங்கியிருக்கிறார்கள், எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. வரவு போதாதவர்களைப் பரீட்சைக்கு அனுப்ப முடியாது என்று பெயர் ஒட்டினபோதுதான் தெரியும், மூன்று பிள்ளைகளின் பெயரும் அதில் இருந்தது.

நான் போய்ச் சத்தம் போட்டேன் என்று அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். சத்தம் போட்டு ஒன்றும் நடக்கவில்லை, பியூன் வந்து வெளியே கூட்டிக்கொண்டு போனதுதான் மிச்சம். அன்றைக்குத்தான் நீயும் போன் எடுத்து, அவள் படித்தது போதும், இங்கே கூப்பிடுகிறேன், வயதான ஆட்களைப் பார்க்கிற வேலை என்னோடேயே எடுத்துத் தருகிறேன் என்று சொன்னாய். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். ஷானிகா கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

அடுத்த புதன்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வழமைபோலப் போனாள். பயிற்சியை விட்டுவிட்டு வகுப்புக்குத்தான் போகிறாள் என்று நாங்கள் இருந்தோம். பத்து மணிபோல வகுப்பு டீச்சர் போன் எடுத்து, பிள்ளைக்குச் சுகமில்லையா என்று கேட்டார். மற்ற ரெண்டு பிள்ளைகளும் வகுப்பில் இருக்கிறார்களாம், இவள் இல்லை. அவள் போன் வேலை செய்யவில்லை, அம்மா செபமாலையை எடுத்துக்கொண்டு அழத் தொடங்கினாள், நான் கூடக் கடலுக்குப் போகிற படகுக்காரன் பஸ்தியானின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு ஓடினேன். பாலாவிச் சந்தியில் கடைக் கடையாய்க் கேட்டேன். கடைசியில் பண்ணைக்கே போனேன். அங்கே நிற்கிறாள். பாவாடையை முழங்காலுக்குச் சொருகிக்கொண்டு தொட்டிக்குள் நின்று தண்ணீர் மொண்டுகொண்டிருக்கிறாள். அடிக்கத்தான் கை வந்தது. என்னைப் பார்த்து அவள் பயப்படவில்லை. “வகுப்பில இருந்தாலும் சோதினைக்கு விடமாட்டாங்க எண்டா, இதையாவது முடிக்கிறன் அப்பா. ரெண்டும் இல்லாம என்னை அக்காட்ட அனுப்பாதீங்க” என்றாள். நான் கை நீட்டி அவளைத் தொட்டியில் இருந்து ஏற்றினேன்.

சேறு காயாத காலோடு அவளை நேரே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை, அதிபரிடம் அவள்தான் கதைத்தாள். “சேர், மட்ச் விளையாடப் போற பிள்ளைகளுக்கு வந்ததெண்டு போடுறீங்க. பாடம் பழகப் போற எங்களுக்கு ஏன் போடுறீங்க இல்ல?” என்று கேட்டாள். அந்த மனுசன் கோபப்படுவார் என்று பார்த்தேன், கோபப்படவில்லை. அவர்களோடு ஒரு மாஸ்டர் போகிறார், உங்களோடு யார் வருகிறது என்று கேட்டார். பிறகு அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார், தான் முன்னம் இருந்த பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் ஒரு பையனைக் கராஜுக்குப் பயிற்சிக்கு அனுப்பினாராம், போகிற வழியில் பஸ் மிதிபலகையில் இருந்து விழுந்து அவனுக்கு ஒரு கால் போய்விட்டதாம். “வந்ததெண்டு நான்தான் போட்டிருந்தன். பிள்ளை ஆஸ்பத்திரியில, பெயர் வகுப்பில. அவன்ட தாய்க்கு நான் என்ன சொல்றது?” என்றார். சொல்லிவிட்டு மேசையில் இருந்த பேனையை எடுக்கிறதும் வைக்கிறதுமாக இருந்தார். சத்தம் போட்டதற்கு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் கூடப் போகிறேன் சேர், மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு என்று சொன்னேன். பேனையை மேசையில் வைத்துவிட்டு ஓம் என்றார். போன நாட்களைச் சேர்க்கத் தனக்கு அதிகாரம் இல்லை, வலயக் கல்விக் கந்தோருக்கு எழுதிக் கேட்கிறேன் என்றும் சொன்னார்.

இப்போது புதன் வியாழனுக்கு நான் கடலுக்குப் போவதில்லை. காற்று அடங்கி எல்லோரும் கடலுக்குப் போகிறார்கள், பஸ்தியான் வேறொரு ஆளை ஏற்றிக்கொண்டு போகிறான், நான் மூன்று குமர்ப் பிள்ளைகளுக்கு முன்னால் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறேன். பண்ணையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. நளீம் கதிரை போட்டுத் தந்தாலும் இருக்க முடியவில்லை, தொட்டி வரம்பில் நடக்கிறேன், திரும்பி வருகிறேன். வலயத்தில் இருந்து மறுமொழி வரும்வரை மறுபடி மறுபடி போய்க் கேட்டோம். நேற்றுத்தான் வந்தது. பிள்ளைகள் பண்ணைக்கு வந்த நாட்களை நளீம் எழுதிக் கொடுத்ததை ஏற்றுக்கொண்டு, ஷானிகாவையும் இன்னொரு பிள்ளையையும் பரீட்சைக்கு அனுப்பலாம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது பிள்ளைக்கு வேறு லீவும் கூடிப்போனதால் முடியாதாம், பள்ளிக்கூடத்தால் இல்லாமல் தனிப் பரீட்சார்த்தியாக எடுக்கட்டுமாம். அவளுடைய வாப்பாவின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஷானிகா சந்தோசப்படவும் இல்லை, அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் பாடக் கொப்பிகளைக் கொண்டு போயிருக்கிறாள், இன்னும் வரவில்லை, அதுதான் வாசலுக்கும் மேசைக்குமாக நடக்கிறேன்.

நீ கெட்டதுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும் மகள், தனியாக இருக்கிறவளுக்குத் தங்கச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசை வரும்தான். இரவு வேலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, பூசையை விட்டுவிடாதே. ஆண்டவரும் அன்னம்மாளும் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியோடு கதைக்கும்போது சோதினை எப்போது என்று கேள், எப்போது வருகிறாய் என்று கேட்காதே.

உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா
கில்பட்