மன்னிக்காத இளவரசி

அன்புத் தங்கைக்கு,

நான் எழுதிவந்த மாயாஜாலத் தொலைக்காட்சித் தொடரில் நகரத்தைக் காப்பாற்ற அரசி தன் தங்கையை டிராகனிடம் விட்டுவிட்டுப் போகிறாள். கடைசிப் பகுதியில் தங்கை அவளை மன்னிக்க வேண்டுமாம். ஒன்பது முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

இயக்குநர் மெய்ராம் எரிந்து விழுந்தார். "ஒரே ஒரு வரிம்மா! 'மன்னிச்சிட்டேன் அக்கா'ன்னு எழுத உனக்கு என்ன கேடு?"

"அக்காக்காரி இன்னும் மன்னிப்பே கேக்கலையே அண்ணே!"

சொன்னதும் உன் நினைவுதான் வந்தது. அவர் வேறொருவரை எழுதச் சொன்னார். நான் வேலையை விட்டுவிட்டேன்.

எட்டு வருடமாகப் படுக்கையில் கிடக்கும் அம்மாவை நீ ஒருத்திதான் பார்க்கிறாய். நான் அல்மாட்டி நகரத்தில் டிராகன்களோடு இருந்தேன்.

ஞாயிறு ரயிலில் நம் ஊர் கிசிலோர்டாவுக்கு வருகிறேன். அம்மாவை வலிக்காமல் தூக்கி உட்காரவைப்பது எப்படி என்று எனக்குக் காட்டு.

உன் அக்கா