கம்பளை ஸ்டேஷனில் நின்றிருந்தவருக்கு

அப்பா,

இன்று காலையில் துப்பட்டா எடுக்க பீரோவைத் திறந்தேன். கறுவாப்பட்டை வாசனை வந்தது. சிலோன் போனபோது காலி ஊரில் கோட்டைக்குப் பக்கத்துக் கடையில் அம்மா வாங்கிய பட்டை. குழம்பில் போட மனசு வராமல், பூச்சி அண்டாது என்று சொல்லித் துணிகளுக்கு நடுவே சொருகி வைத்தாள். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அந்த வாசனைக்கு எனக்குள் ஏதாவது ஆகும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. துப்பட்டாவை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

உங்கள் படகு ஆபீசில் என்னை வரச் சொல்லியிருந்தார்கள். வேலையில் இருக்கும்போதே நீங்கள் போய்விட்டதால், வீட்டில் ஒருவருக்கு ஏதாவது வேலை தர முடியுமா என்று பார்ப்பார்களாம். அக்காவுக்குச் சென்னையில் நர்ஸ் வேலை இருக்கிறது. அம்மாவால் மாடிப்படி ஏற முடியவில்லை. மிச்சம் நான். அந்தமானில் இந்த டாலிகஞ்ச் குவார்ட்டர்ஸில் நாங்கள் தொடர்ந்து இருக்க வேண்டும் என்றால் நான் போய்ப் பேசித்தான் ஆக வேண்டும். பெயர், வயது, அப்பா பெயர் எல்லாம் கேட்டால் சொல்லிவிடலாம். ஒன்றை மட்டும் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். ஒன்பதாவதோடு ஏன் நின்றாய்?

அதை எல்லாரும் கேட்டுவிட்டார்கள். அம்மா அழுதுகொண்டே கேட்டாள். அக்கா போனில் திட்டித் திட்டிக் கேட்டாள். பக்கத்து வீட்டு பெங்காலி ஆன்ட்டி மீன் கழுவிக்கொண்டே ஹிந்தியில் கேட்டார். யாருக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் உங்களிடம் சொல்லிவிடுவது என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். சிலோன் போய் வந்தது முழுக்க அந்தப் பதிலும் என்கூடவே வந்தது. அது உங்களுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

லீவு கிடைத்தால் மெயின்லேண்டு, மெயின்லேண்டு போனால் கோயில், துணிக்கடை, சொந்தக்காரர் வீடு. அவ்வளவுதான் நமக்கு. அக்காதான் அதை மாற்றினாள். "சென்னையிலேர்ந்து சிலோனுக்கு பிளேன் ஏறினா ஒரு தூக்கம் போடக்கூட நேரம் இல்லப்பா. பாஸ்போர்ட்டு எடுத்தது எதுக்கு, பீரோவுல வச்சுப் பூஜை பண்ணவா?" என்றாள். நீங்கள் சிரித்தீர்கள். அப்படித்தான் கிளம்பினோம்.

காலிக் கோட்டையின் மதில்மேல் நடந்தது நினைவிருக்கிறது. ஓடு போட்ட பழைய வீடுகள், கல் பாவிய தெருக்கள், மாதாகோயில், லைட் ஹவுஸ் எல்லாவற்றையும் அக்கா போட்டோ எடுத்துக்கொண்டே வந்தாள். நீங்கள் ஒரு பக்கமும் திரும்பவில்லை. தூரத்தில் போன கப்பலையே பார்த்துக்கொண்டு, "காலியாப் போறான் பாரு, சரக்கு ஏத்தல" என்றீர்கள். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அரே அப்பா, கடலப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? அது நம்ம வீட்டுக் கோடியிலயே கெடக்கு." நீங்கள் அப்போதும் கப்பலைத்தான் பார்த்தீர்கள்.

கித்துல்கலவில் ஆற்றில் ராஃப்டிங் போனோம். காற்றடைத்த ரப்பர் படகு, ஆளுக்கொரு துடுப்பு, பாறைகளுக்கு நடுவே விழுந்து எழுந்து ஓடும் தண்ணீர். கைடு ஒரு தமிழ்ப் பையன். எங்கள் லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளை நீங்கள் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தீர்கள். அதோடு விட்டீர்களா? எங்களோடு வந்த வெள்ளைக்கார ஜோடியின் கொக்கிகளையும் இழுத்துப் பார்த்தீர்கள். அந்தப் பெண் தேங்க் யூ சொன்னாள். பிறகு எல்லாரும் ஏறிவிட்டோம், நீங்களும் கைடும் மட்டும் முழங்கால் தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"ஏறுங்க அங்கிள்."

"நீ ஏறு தம்பி."

"நான்தானே கடைசியா ஏறணும், நான்தானே கைட்."

"எனக்கும் அதான் தம்பி வேலை. நம்ம ஏறிட்டா பின்னாடி யாரு இருக்கான்னு தெரியாது."

"எங்க வேலை?"

"அந்தமான்ல. கவர்மெண்டு போட்டுல, கயித்த அவுத்து விடுறது."

அக்கா துடுப்பால் தண்ணீரைத் தட்டினாள். "ரெண்டு பேரும் இங்கயே நில்லுங்க. நாங்க போயிட்டு வந்து கூட்டிக்கிறோம்."

கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் தாவி ஏறினீர்கள். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அம்மா முருகனைக் கூப்பிட்டாள். பெரிய சரிவு வந்தபோது கைடு, "கத்துங்க! எல்லாரும் கத்துங்க!" என்றான். எல்லாரும் கத்தினார்கள். நான் கத்தவில்லை. எனக்கு வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது நீங்களும் வாயை மூடிக்கொண்டு, முகமெல்லாம் தண்ணீர் வழிய என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்குப் பயம் என்று அக்கா அன்று ராத்திரி வரை கேலி செய்தாள். கடலில் பிறந்து வளர்ந்த மாதிரி இருக்கும் மனிதருக்கு ஓர் ஆற்றைக் கண்டு என்ன பயம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

கண்டியில் ஏரியைச் சுற்றினோம், கோயிலுக்குப் போனோம். மறுநாள் நுவரெலியாவுக்கு ரயில். நம் தீவில் ரயில் கிடையாது. நீங்கள் அதற்கு முன் ரயிலில் ஏறியதே இல்லை என்பது அங்கே போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. மெயின்லேண்டு போனபோதெல்லாம் பஸ்தான். நீங்கள் பைகளை ஏற்றினீர்கள், அம்மாவைக் கைகொடுத்து ஏற்றினீர்கள், அக்காவை, என்னை. பிறகு நம் ஊர் ஃபீனிக்ஸ் பே படகு ஜெட்டியில் நிற்பதுபோலவே பிளாட்பாரத்தில் நின்று முன்னும் பின்னும் பார்த்தீர்கள். கயிற்றை அவிழ்ப்பவர் நீங்கள். நீங்கள் ஏறாமல் எந்தப் படகும் கிளம்பியதில்லை. ரயில் கிளம்பியது.

அதைவிட வேடிக்கை, ரயில் அசைந்ததும் நீங்கள் ஓடி வரவில்லை. பழக்கத்தில் கையைத் தூக்கி, போகலாம் என்று சைகை காட்டினீர்கள். முகம் ரொம்ப அமைதியாக இருந்தது. எங்கள் பெட்டி உங்களைத் தாண்டிப் போன பிறகுதான் அந்த முகம் மெல்ல மாறியது.

அம்மா போட்ட கூச்சலில் பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எதிரே கூடையோடு இருந்த ஒரு பெண், "பயப்படாதீங்க அக்கா. இது மலை ஏறுற கோச்சி, மெதுவாத்தான் போகும். ஆட்டோ புடிச்சாலே முந்திப் போயிருவாரு" என்று சொல்லி அம்மாவுக்கு ஒரு மங்குஸ்தானை உரித்துக் கொடுத்தார். அம்மா அதைத் தின்றுகொண்டே அழுதாள். நான் கதவருகே கம்பியைப் பிடித்து நின்றேன். தொலைந்து போனது நீங்கள் மாதிரி இல்லை, நாங்கள்தான் எங்கேயோ போய்க்கொண்டிருந்தோம்.

கம்பளையில் வண்டி நின்றபோது நீங்கள் பிளாட்பாரத்தில் இருந்தீர்கள். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கையில் காகிதப் பையில் இறால் வடை.

அம்மா உங்களை ஏறவே விடவில்லை, படியிலேயே வைத்து ஆரம்பித்துவிட்டாள். "ஒங்கள யாரு அங்க நின்னு ஆள் எண்ணச் சொன்னா? இது என்னா ஒங்க ஜெட்டியா?"

"நான் ஏறாம எப்படிடி போவான்னு நெனச்சேன்."

"இங்க கயிறே இல்லப்பா," என்றாள் அக்கா.

"அதான் பாத்தேன். தேடிக்கிட்டுதான் நின்னேன்."

மங்குஸ்தான் அக்கா உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் அவருக்கும் ஒரு வடை கொடுத்தீர்கள். ரயில் தேயிலைச் சரிவுகளுக்குள் ஏறியது. நீங்கள் பிறந்தது அந்தப் பக்கத்து ஏதோ ஒரு தோட்டத்தில். கைக்குழந்தையாக உங்களைத் தூக்கிக்கொண்டு நம் பக்கத்துக் கட்சல் தீவுக்கு ரப்பர் வெட்டப் போனவர்கள் உங்கள் அப்பாவும் அம்மாவும். "எந்தத் தோட்டம்?" என்று அம்மா கேட்டாள். "எனக்கு என்னா தெரியும், கைப்புள்ள" என்றீர்கள். வேறு எந்த மலையையும் பார்ப்பதுபோலத்தான் அதையும் பார்த்தீர்கள்.

அம்மாவும் அக்காவும் தூங்கிய பிறகு என் பக்கம் குனிந்தீர்கள். "பாப்பா, ஒண்ணு கேக்கட்டா?"

வந்துவிட்டது என்று நினைத்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தும் விட்டேன்.

"செத்த நேரம் நான் ஜன்னல் பக்கம் ஒக்காந்துக்கவா?"

நான் நகர்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு நீங்கள் எதுவும் கேட்கவில்லை. அங்கேயும் கேட்கவில்லை, வீட்டுக்கு வந்த பிறகும் கேட்கவில்லை. போன மழைக்காலத்தில் ஒரு காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அவ்வளவுதான். அழுதுவிடு, அழுதுவிடு என்று எல்லாரும் என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். எனக்கு எங்கிருந்தும் எதுவும் வரவில்லை. வந்தவர்களுக்கு டம்ளர் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றுவரை அப்படியேதான் இருக்கிறேன். சோறு சாப்பிடுகிறேன், துணி துவைக்கிறேன்.

ஆபீசில் ஒரு மேடம் இருந்தார். பெயர், வயது, அப்பா பெயர். பிறகு தலையைத் தூக்காமலே, "ஸ்கூல் க்யூன் சோடா?" என்றார், பள்ளிக்கூடத்தை ஏன் விட்டாய் என்று. அவருக்கு அது இன்னொரு கட்டம், நிரப்ப வேண்டும். வெளியே பெஞ்சில் அம்மா. சொல்லாவிட்டால் எழுந்து போக வேண்டியதுதான், அதன் பிறகு வீடும் இல்லை. நான் சொன்னேன். ஹிந்தியில், தப்பும் தவறுமாக, நடுவில் ஒரு தடவை நின்று. மேடம் தலையைத் தூக்கினார். "பானி பியோகி?" என்று தன் பாட்டிலைத் தள்ளினார். குடித்தேன். படிப்பு குறைவுதான், ஆனாலும் மேலே அனுப்பிப் பார்க்கிறேன், பத்தாவது வெளியிலிருந்து எழுதுவாயா என்றார். எழுதுகிறேன் என்றேன்.

வெளியே வந்ததும் அம்மா, "என்னா கேட்டாங்க?" என்றாள். ஆட்டோவில் அவளிடமும் சொன்னேன். இரண்டாவது தடவை கொஞ்சம் சுலபமாக இருந்தது. பிரேயரில் மைக்கில் வாசிக்கச் சொன்னார்கள், எனக்குத் தொண்டை திறக்கவில்லை, மொத்தப் பள்ளிக்கூடமும் வெயிலில் காத்துக்கொண்டு நின்றது, வரிசையில் யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லாரும் தட்டினார்கள். நாளைக்கு மறுபடி முயற்சி பண்ணலாம் என்று டீச்சர் நல்லபடியாகத்தான் சொன்னார். அந்த நாளைக்கு நான் போகவில்லை. அவ்வளவுதான், அப்பா. நான் உங்களுக்காக வைத்திருந்தது இதுதான்.

அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். "ஒங்கப்பாவுக்குத் தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"நீ போக மாட்டேன்னு ஒக்காந்த மறுநாளே ஸ்கூலுக்குப் போயி டீச்சரப் பாத்துட்டு வந்தாரு. என்னாங்கன்னு எத்தன தடவ கேட்டிருப்பேன். எங்கிட்டயே சொல்லல. அவளா சொல்லட்டும், நான் இருக்கேன்ல, எங்க போயிறப் போறேன்னாரு."

ஆட்டோ சத்தத்தில் அம்மா வேறு ஏதோ சொன்னது கேட்கவில்லை. நான் அந்தப் படகை நினைத்தேன், நீங்கள் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்ததை. ரயிலில் என் பக்கம் குனிந்ததை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஆனால் இனி யாராவது பேசாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், ஏன் என்று நான் கேட்க மாட்டேன். ஜன்னல் பக்கம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். அது உங்களிடமிருந்து எனக்கு வந்தது.

ஜங்லிகாட் மார்க்கெட்டில் இறங்கி மீன் வாங்கினோம். கடையில் ஒரே கூட்டம், எல்லாரும் ஒருவர்மேல் ஒருவராகக் கத்திக்கொண்டிருந்தார்கள். மீன்காரர் எங்கள் பக்கம் திரும்பி, "போலோ, போலோ" என்று சொல்லச் சொன்னார். அம்மா பர்சைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"சுர்மயி, ஆதா கிலோ," என்று வஞ்சிரம் அரைக் கிலோ கேட்டேன்.

அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன், உரக்க.