சர்வர் ‘சரி’ என்றதும்

மார்ச் 4
சிடுமூஞ்சி இன்றும் என் நிரலைத் திருப்பி அனுப்பிவிட்டார். குழுத் தலைவராம். “நீ படிச்சு முடிச்சுட்டு வந்தியா, பாதி வழியில இறங்கிட்டியா?” எல்லோரும் சிரித்தார்கள்.

மார்ச் 5
என்னதான் வேலை என்று அண்ணன் கேட்டான். சி மொழியில் ஒரு லைப்ரரி, அதாவது மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. மெயில் செயலிகள் லாகின் செய்ய. சர்வர் ஒரு புதிர் அனுப்பும். பாஸ்வேர்டைச் சொல்லாமலே, அது தெரியும் என்று நாம் காட்ட வேண்டும். கடைசிப் படியில் சர்வரும் அப்படியே தன்னை நிரூபிக்க வேண்டும்.
“ரெண்டு பேருமே நம்பறதில்ல. நீயும் அந்தாளும் மாதிரின்னு சொல்லு.”

மார்ச் 9
கடைசிப் படி எங்கள் லைப்ரரியில் இல்லவே இல்லை! சர்வர் ‘சரி’ என்றதும் போதும், அதன் நிரூபணத்தை யாரும் பார்ப்பதில்லை. போன மாதம் அந்தக் கோப்பை முழுக்கத் திருத்தியவர் யார்? சிடுமூஞ்சி.

மார்ச் 10
போலி சர்வர் ஒன்று எழுதினேன். அறுபது வரி. அதற்கு எந்தப் பாஸ்வேர்டும் தெரியாது. ‘சரி’ மட்டும் சொல்லும். எங்கள் லைப்ரரி அதை நம்பிவிட, மெயில் செயலி அனுப்ப வைத்திருந்த எல்லா மெயிலையும் அதனிடம் கொடுத்துவிட்டது.
அவரிடம் தனியாகச் சொல்லலாம். சொல்ல மாட்டேன்.

மார்ச் 12
குழுக் கூட்டத்தில் போலி சர்வரை ஓட்டிக் காட்டினேன். மேலாளர் கேட்டார்: “யாரு இதுக்கு ஒப்புதல் குடுத்தது?”
“நான்தான்,” என்றார் சிடுமூஞ்சி.
“போன மாசம் திருத்தினதும் நீங்கதானே சார்?” என்றேன். குரல் எவ்வளவு பணிவு!
அவர் என்னைப் பார்த்தார்.

மார்ச் 13
அவரைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். லைப்ரரி என் பொறுப்பு, அவர் மேசையும் எனக்கு. நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 16
அந்தப் படி எப்போது போனது? கோப்பை யார், எப்போது மாற்றினார்கள் என்ற பழைய பதிவுகளைப் புரட்டினேன். அவர் திருத்துவதற்கு முன்பும் இல்லை. அதற்கு முன்பும் இல்லை. போன ஜூன் — சோதனை சர்வர் கடைசிச் செய்தியை அனுப்பாமல் தொங்கியதால் எவனோ அந்தப் படியைத் தாண்ட வைத்திருக்கிறான். ‘தற்காலிகம்’ என்று ஒரு குறிப்பு வேறு.
நான். வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள்.
எப்படி எனக்கு ஞாபகமே இல்லாமல் போச்சு?

மார்ச் 17
யாரும் பார்க்க மாட்டார்கள். பார்த்தால்?

மார்ச் 18
கீழ்த்தளத்துக்குப் போய்ச் சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
“தெரியும். கூட்டம் முடிஞ்ச அன்னிக்கே பாத்தேன்.”
“ஏன் சார் சொல்லல?”
“அன்னிக்கு உன் மாத்தத்தப் படிக்காம ஒப்புதல் குடுத்தது நான். உன்ன முன்னால தள்ளிட்டு நான் தப்பிச்சுக்கணுமா? உன்ன மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைக்காத. கிளம்பு.”
மேலே வந்து மேலாளருக்கு எழுதினேன். மாற்றத்தின் எண், தேதி, என் பெயர். மூன்று முறை அழித்து, நான்காவது முறை அனுப்பினேன்.

மார்ச் 23
கடைசிப் படியைச் சேர்த்தாகிவிட்டது. போலி சர்வர் வாசலிலேயே நிற்கிறது. லைப்ரரி மறுபடி அவரிடம். எனக்கு வேறு குழு. நான் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது அவர் பெட்டியோடு வந்து நின்றார். “ஆச்சா?” “ஆச்சு.” அவ்வளவுதான். நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.