பின்கட்டு அறையில் இருப்பவர்

அனுப்புநர்:
தையல் கடை நடத்துபவர்,
மருந்துக் கடை மாடி, கடைவீதி.

பெறுநர்:
சார்பதிவாளர் அவர்கள்,
பத்திரப் பதிவு அலுவலகம்.

பொருள்: உயிரோடு இருப்பவரை இறந்தவராகக் காட்டி வீடு விற்கப்படுவதைத் தடுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பழைய தபால் நிலையத் தெருவின் கடைசி வீட்டை வாங்க எண்ணி, சென்ற மாதம் நானும் என் கணவரும் பார்க்கப் போனோம். உரிமையாளர் பரண் வரை திறந்து காட்டினார். பின்கட்டு அறையை மட்டும் கடந்து போனார். உள்ளே ஓர் அம்மாள் துண்டு மடித்துக்கொண்டிருந்தார். வேலைக்கு வந்தவர், சீக்கிரம் போய்விடுவார் என்றார் உரிமையாளர். அவர் போன் பேச நகர்ந்ததும் அந்த அம்மாள் என் கையைப் பிடித்து, "யாராவது கேட்டா நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லும்மா" என்றார். அவர் இடது புறங்கையில் தீக்காயத் தழும்பு. அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை.

2. வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே, வக்கீல் எதற்கு என்று தரகர் சிரித்தார். என் கணவர் விடவில்லை. வக்கீல் மூலப் பத்திரம் வரை தேடிப் பார்த்தார். தகப்பனார் வீட்டை மகளுக்கும் மகனுக்கும் சமமாக எழுதியிருக்கிறார். அக்கா இறந்துவிட்டதாகச் சான்று காட்டி, எங்களுக்கு வீட்டைக் காட்டிய தம்பி முழு வீட்டையும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். பத்திரத்திலிருந்த அக்காவின் அங்க அடையாளத்தை வக்கீல் வாசித்தார்: இடது புறங்கையில் தீக்காயத் தழும்பு. இந்தக் கையை நான் பார்த்தேன் என்று அங்கேயே சொன்னேன்.

3. நாங்கள் விலகிக்கொண்டோம். நல்லவேளை தப்பித்தீர்கள் என்கிறார்கள் உறவினர்கள். எனக்கோ துணியைத் தொடும்போதெல்லாம் அந்தப் பிடி மணிக்கட்டில் இருக்கிறது. மனசு கேட்காமல் மறுபடி போனேன். அறைக்கு வெளியே பூட்டு. "எங்க அக்கா செத்துப் போயிட்டாங்க. செத்தவங்களத் தேடி வராதீங்க" என்றார் தம்பி. அவர் சொல்லி முடிக்கும் முன்பே, பூட்டிய கதவுக்குப் பின்னால் யாரோ துண்டை உதறும் சத்தம் கேட்டது. காவல் நிலையத்தில், இறந்தவரை மீட்க எப்படிப் புகார் எழுதுவது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

4. வரும் திங்கட்கிழமை அந்த வீடு ஒரு புதுமணத் தம்பதிக்குப் பதிவாகப் போகிறது. அவர்கள் பழைய பத்திரங்களைத் தேடவில்லை. நான் சொன்னபோது, விலை படியாத ஆத்திரத்தில் பேசுவதாக நினைத்துக்கொண்டார்கள்.

ஆகவே ஐயா, அந்தப் பதிவை நிறுத்திவைத்து, இறப்புச் சான்றை விசாரித்து, அலுவலர் ஒருவரை நேரில் அனுப்ப வேண்டுகிறேன். அவரை முன்கூடத்தில் உட்காரவைத்துப் பேசியே அனுப்பப் பார்ப்பார்கள். பின்கட்டு வரை போகச் சொல்லுங்கள். தட்டியதும் பதில் வராது. அந்த அம்மாள் மிக மெல்லப் பேசுவார். கதவருகே சற்று நின்று கேட்கச் சொல்லுங்கள்.

இடம்: கடைவீதி
நாள்: வெள்ளிக்கிழமை

அவரைக் கண்ணால் கண்டவள்,
(ஒப்பம்)
தையல் கடைக்காரி