தேவராஜுக்காகத் திரும்பிப் போனவருக்கு

என் பாவாவுக்கு,

மாமன் மகள் என்ற உரிமையில் உங்களைப் பாவா என்று கூப்பிட நான் ஒருத்திதான் இருந்தேன். அண்ணன் என்று கூப்பிட முப்பத்தோரு பேர் இருந்தார்கள். நீங்கள் போய் மூன்று வருடம் ஆகியும் அவர்கள் நிறுத்தவில்லை. கிருத்திகைக்கு மலையேற வந்தால் நம் வீட்டுக்கும் வந்து, உங்கள் படத்தின் முன்னால் நின்று, "அண்ணன் இல்லன்னா நாங்க இல்ல அண்ணி" என்கிறார்கள். நான் டீ போட்டுக் கொடுக்கிறேன். சிரிக்கிறேன். உள்ளுக்குள் எனக்கு எரிகிறது பாவா. இதை வேறு யாரிடம் சொல்வது?

நீங்கள் மின்கோபுரம் அமைக்கும் கம்பெனியில் சைட் இன்சார்ஜாகக் கடல் தாண்டிப் போனவர். திருத்தணியில் இருந்தபோது நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனுஷன். அந்த நாட்டில் தேர்தல் முடிந்து கலவரம் வெடித்தபோது, கேம்ப்பில் இருந்தவர்களுக்கு நீங்கள் பாட்டுப் பாடினீர்களாம். பயந்து போயிருந்தவர்களை உட்காரவைத்து, வெங்காயம் உரித்துக்கொண்டே கதை சொன்னீர்களாம். அரிசியை அளந்து, கதவுக்குக் காவல் முறை போட்டு, எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் ஒரே பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு, காலையும் மாலையும் தலை எண்ணினீர்களாம். நீங்கள் பாடுவீர்கள் என்பதையே நான் ஒரு வெல்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பதினோரு வருடம் உங்களோடு குடித்தனம் நடத்தியவள் நான்.

கே.ஜி.கண்டிகை ஏகாம்பரத்தை ஞாபகம் இருக்கும். கோபுரத்தில் ஏற முதல் நாள் பயந்தவன். அவனுக்குப் பையன் பிறந்ததும் உங்கள் பெயரையே வைத்தான். இந்தக் காலத்தில் யார் பிள்ளைக்கு முனிரத்தினம் என்று பெயர் வைக்கிறார்கள்? பெயர் வைக்கும் விழாவுக்குக் கூப்பிட்டான், போனேன். அவன் மனைவி குழந்தையை என் மடியில் வைக்க வந்தாள். எனக்குக் கை வலிக்கிறது என்று பொய் சொன்னேன். நமக்குப் பிறக்காத பிள்ளைக்கு வைத்திருக்க வேண்டிய பெயர் இல்லையா அது?

ஆனால் இவர்கள் எல்லாரையும்விட தேவராஜ் மேல்தான் எனக்குப் பொறாமை அதிகம்.

முப்பது பேரையும் நீங்கள் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்திரமாகச் சேர்த்துவிட்டீர்கள். பாக்கி இருந்தது தேவராஜ் மட்டும். பொதட்டூர்பேட்டைக்காரன், குடல்வால் ஆபரேஷன் ஆகி வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அன்று காலை என்னோடு ரெண்டு நிமிஷம் பேசினீர்கள். "ஆங், நல்லாத்தான் இருக்கேன். போன்ல சார்ஜ் கம்மி. வச்சிடறேன்." பிறகு ஒரு பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனீர்கள். அவனைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு திரும்பும்போது, ஒரு பாலத்துக்கு முன்னால் டயரை எரித்துக்கொண்டு கல்லெறிந்திருக்கிறார்கள். ஒடித்துத் திருப்பியதில் வண்டி கவிழ்ந்தது. அவனுக்குக் கை முறிந்தது. நீங்கள் அங்கேயே போய்விட்டீர்கள். மறுநாள் மத்தியானம் அந்த ரோட்டில் ராணுவக் காவலோடு வெளிநாட்டுக்காரர்களின் வண்டிகள் போக ஆரம்பித்தன. ஒரே ஒரு நாள்.

நீங்கள் இல்லை என்ற சேதியைக்கூட எனக்குக் கம்பெனி சொல்லவில்லை. ஏகாம்பரத்தின் மனைவி சொன்னாள்.

தேவராஜ் ரெண்டு வருடம் என்னைப் பார்க்க முயற்சி செய்தான். நான் கதவைத் திறக்கவில்லை. போன வருடம் ஒரு மழை நாளில் பஸ் பிடித்து வந்து, வாசலிலேயே நனைந்துகொண்டு நின்றான். அக்கம்பக்கத்தில் பார்க்கிறார்களே என்று உள்ளே விட்டேன். சின்ன உருவம். சேரின் நுனியில் உட்கார்ந்தான். வலது கை இன்னும் நேராக நீளவில்லை.

அவனிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"வண்டில வரும்போது இன்னா பேசிகினு வந்தாரு?"

"எந்த ரோட்டுல போலாம்னுதான் அண்ணி பேசிகினு வந்தாரு. தையல் வலிக்குதாடான்னு கேட்டாரு. தண்ணி குடுத்தாரு."

"என்னப் பத்தி எதுனா சொன்னாரா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சொன்னாருன்னு சொல்லலாம்னுதான் பஸ்ல யோசிச்சிகினு வந்தேன். பொய் சொல்ல வாய் வரல அண்ணி. சொல்லல."

அவன் பொய் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனோ என்னவோ. சொல்லாததால் அவனுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தேன், சோறு போட்டேன். ஆனாலும் கேளுங்கள் பாவா, அவன் இடது கையால் சாப்பிடச் சிரமப்பட்டதைப் பார்க்கும்போதுகூட நான் நினைத்தது ஒன்றுதான். உங்கள் கடைசித் தண்ணீர் பாட்டில் இவனுக்குப் போயிற்று. தையல் வலிக்கிறதா என்ற கேள்வி இவனுக்குப் போயிற்று. எனக்குச் சார்ஜ் இல்லாத போன்.

இப்போது நான் என்ன செய்கிறேன் தெரியுமா? உங்கள் கம்பெனியிலேயே வேலை செய்கிறேன். உங்கள் காகிதங்களில் கையெழுத்துப் போட சென்னை ஆபீசுக்குப் போயிருந்தபோது, பெரிய மேனேஜர் வருத்தம் தெரிவித்துப் பேசிக்கொண்டே இருந்தார். நான் குறுக்கே கேட்டேன். "கலவரம் நடந்த அத்தனை நாளும் எங்க வீட்டுக்கு ஒரு போன் ஏன் சார் வரல? தனியா போறேன்னு அவர் சொன்னப்ப யார் சார் வேணாம்னு சொன்னீங்க?" யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டார். உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டிருந்தார்களாம். இரண்டு மாதம் கழித்து அவரே கூப்பிட்டு, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் வேண்டும், நீங்கள் வருகிறீர்களா என்று கேட்டார்.

வாரத்தில் ரெண்டு நாள் ரயிலேறி ஆபீசுக்குப் போகிறேன். மற்ற நாள் நம் முன்னறையில்தான் ஆபீஸ். யார் எந்த கேம்ப்பில் இருக்கிறார், யாருக்கு என்ன மாத்திரை, வீட்டில் யாரிடம் பேசினால் பதறாமல் கேட்பார்கள், எல்லாம் என்னிடம் இருக்கிறது. எந்த கேம்ப்பிலும் பதினைந்து நாளுக்கு அரிசி பருப்பு இருக்க வேண்டும். தூதரகத்தில் எல்லாருடைய பெயரும் பதிந்திருக்க வேண்டும். கம்பெனி விதிகளில் நான் அடம்பிடித்துச் சேர்த்தது ஒன்று உண்டு. என்ன அவசரமானாலும் ஒருத்தரைக் கூட்டிவர ஒருத்தர் தனியாகப் போகக் கூடாது. இன்சார்ஜ்கள் முணுமுணுத்தார்கள். உங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே.

இந்தத் தை மாதம் வேறொரு நாட்டில் அதே மாதிரி ஆயிற்று. அரசாங்கம் கவிழ்ந்து தெருவெல்லாம் கூட்டம். நம் ஆட்கள் பதினாலு பேர், இன்சார்ஜ் பள்ளிப்பட்டு ஜானகிராமன். பதிமூன்று பேர் கேம்ப்பில் இருந்தார்கள். சமையல்காரர் கோபால் மட்டும் மளிகை வாங்கப் பக்கத்து டவுனுக்குப் போன இடத்தில் ஊரடங்கில் மாட்டிக்கொண்டார். ஒரு கடைக்காரர் தன் வீட்டில் ஒளித்து வைத்திருந்தார்.

காலை பத்து மணிக்கு ஜானகிராமன் கூப்பிட்டார். "அண்ணி, வண்டி ரெடியா இருக்குது. நான் ஒருத்தனே போயி ஒரு மணி நேரத்துல கூட்டிகினு வந்துடறேன். ஆபீஸ்ல நீங்க கொஞ்சம் சொல்லிடுங்க."

"வேணாங்க."

"அவர் அழுவறாரு அண்ணி. கேட்டுகினு எப்படி சும்மா உக்காந்திருக்கறது? முனிரத்தினம் அண்ணனா இருந்தா போயிருப்பாரு."

நோட்டில் கோபாலின் பெயரை எழுதி அடிக்கோடிட்டேன்.

"ஆங், போயிருப்பாரு," என்றேன். "போனாரு. அதனாலதான் இந்த போன நான் எடுத்துப் பேசிகினு இருக்கேன். சாவிய வேற ஒருத்தர் கையில குடுங்க. கோபாலண்ணன் நம்பர எனக்கு அனுப்புங்க. அழுதா என்கிட்ட அழட்டும்."

அவர் கோபத்தோடு வைத்துவிட்டார். ஆனால் போகவில்லை. மூன்று நாள் பகலெல்லாம் மணிக்கொரு தரம் நான் கோபாலோடு பேசினேன். ஜன்னல் பக்கம் போகாதீர்கள், போனைச் சார்ஜில் போடுங்கள், இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள். பேச விஷயம் தீர்ந்தபோது சாம்பாருக்கு என்ன பக்குவம் என்று கேட்டேன். ஜானகிராமனின் மனைவி கல்பனாவிடமும் பேசினேன். "அவர எங்கியும் போவ வுடாதீங்கக்கா," என்பதைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தையே இல்லை. மூன்றாம் நாள் தூதரகம் ஏற்பாடு செய்த வண்டிகள் காவலோடு அந்த டவுன் வழியாக வந்தன. கோபால் ஏறிக்கொண்டார். அந்த வாரமே பதினாலு பேரும் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். அன்று காலை வேண்டாம் என்று சொன்னபோது, ஜானகிராமன் செத்துவிடக் கூடாது என்று மட்டும் நான் பயப்படவில்லை. அவர் போய், கோபாலைக் கூட்டிக்கொண்டு, கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்துவிட்டால்? அதற்கும் பயந்தேன். நீங்கள் செய்ததையே இன்னொருவர் செய்து பிழைத்து வந்து, கல்பனா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினால், அதை எப்படித் தாங்குவேன்? ஒரு நல்ல முடிவை எவ்வளவு கெட்ட மனசோடு எடுத்திருக்கிறேன், பார்த்தீர்களா?

மாசிக் கிருத்திகைக்கு ஜானகிராமனும் கல்பனாவும் மலைக்கு வந்தார்கள். அவருக்கு மொட்டை வேண்டுதல். என்னையும் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனார்கள். மொட்டை போட்டு வந்த மனுஷனை நிற்கவைத்து கல்பனா சந்தனம் தடவினாள். "ஒழுங்கா குனி. காதுக்குப் பின்னால அப்படியே முடிய வுட்டுட்டான் பாரு. பாத்து சொல்றதில்ல?" என்று திட்டினாள். அவர் திட்டு வாங்கிக்கொண்டே, "பசிக்குதுமே," என்றார். அவ்வளவுதான் பாவா. கட்டிப்பிடித்து அழுதிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்தத் திட்டைக் கேட்டபின் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. படியில் முதலில் இறங்கிவிட்டேன்.

கல்பனா பின்னாலேயே ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "அக்கா, ஒண்ணு கேக்கவா? அன்னிக்கி போவலாம்னு கெளம்பினப்ப உங்களுக்குத்தான் அவரு போன் பண்ணாரு. என்கிட்ட மூச்சுகூட வுடல. ஏங்க்கா?"

"உன்கிட்ட சொன்னா நீ போவ வுட மாட்ட. அது அவருக்குத் தெரியும்," என்றேன்.

சொல்லிவிட்டு அந்தப் படியிலேயே நின்றுவிட்டேன். யாருக்குச் சொன்ன பதில் அது? மூன்று வருடமாக அந்த ரெண்டு நிமிஷத்தை நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். போனில் உண்மையாகவே சார்ஜ் இல்லையா பாவா? இல்லை, இன்னொரு நிமிஷம் பேசினால் நான் கண்டுபிடித்துத் தடுத்துவிடுவேன் என்று வைத்துவிட்டீர்களா? நான் தடுத்திருப்பேன். தேவராஜ் என்ன ஆனாலும் சரி என்று தடுத்திருப்பேன். என்னை அவ்வளவு தெரிந்து வைத்திருந்தீர்களா?

என் பொறாமை போய்விடவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. கல்பனாவைப் பார்த்தால் வரும், தேவராஜின் கையைப் பார்த்தால் வரும், முனிரத்தினம் என்ற அந்தப் பொடியன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று கேட்டாலும் வரும். வரட்டும். உங்களுக்கு ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். எந்த ஊரில் எது எரிந்தாலும், நம் ஆள் ஒருவரைக்கூடத் தனியாகப் போக விட மாட்டேன். எவள் புருஷன் பத்திரமாக இருந்தாலும் அந்தச் சேதி என் வாயால்தான் அவளுக்கு முதலில் போகும். வயிறெரிந்துகொண்டேதான் சொல்வேன். ஆனால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க மாட்டேன்.

உங்கள் மாமன் மகள், உங்களைப் போக விட்டிருக்க மாட்டாத உங்கள் மனைவி,
சுசீலா
திருத்தணி